சோறு, பருப்பு, மீன்: புரதம் உடலுக்குள் போனபின் என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துச் சாப்பாட்டை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. வேறு சொல்லாத இடங்களில் எடைகள் எல்லாம் சமைக்காத பொருளின் எடை. இங்கே வரும் கேள்விகளில் பாதி, "எனக்குப் புரதம் செரிக்கவில்லையோ?" என்ற சந்தேகத்தில் பிறந்தவை. நோய் எதுவும் இல்லாதவருக்குச் செரிமானம் அநேகமாகச் சரியாகவே நடக்கிறது. குறை பெரும்பாலும் இலையில்தான்.

புரதம் என்பது சரியாக என்ன?

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த நீளமான சங்கிலி. இரண்டு அமினோ அமிலம் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறி, நடுவில் பெப்டைடு பிணைப்பு உண்டாகிறது. செரிமானம் என்பது இதையே தலைகீழாகச் செய்வது: தண்ணீரைச் சேர்த்துப் பிணைப்பை அறுப்பது. நம் உடல் 20 வகை அமினோ அமிலங்களை வைத்துப் புரதம் கட்டுகிறது. அதில் 9 வகையை உடலால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்: ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், ஃபீனைல்அலனின், த்ரியோனின், டிரிப்டோஃபான், வேலின். இவற்றில் லைசினை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சோறு சாப்பிடுகிறவர்களின் கணக்கு அதில்தான் இடிக்கும்.

கட்டமைப்பில் நான்கு நிலை என்று பாடத்தில் வருகிறதே, சாப்பிடுகிறவனுக்கு அது எதற்கு?

செரிமானத்தில் ஒரு பாதி அந்தக் கட்டமைப்பைக் குலைக்கும் வேலை என்பதால்.

முதல் நிலை, எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது என்ற வரிசை. இன்சுலினில் இரண்டு சங்கிலியில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். வரிசையில் ஒன்று மாறினாலும் விளைவு பெரிது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிட்டால் அதுதான் அரிவாள் செல் சோகை.

இரண்டாம் நிலையில் சங்கிலி ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஆல்பா சுருளாகவோ பீட்டா தாளாகவோ ஒழுங்குபடுகிறது. ஒரு சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதற்கான வரைபடத்தை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் வெளியிட்டார்கள். இன்றும் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

மூன்றாம் நிலையில் முழுச் சங்கிலியும் மடிந்து ஓர் உருவம் பெறுகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் உள்ளே ஒதுங்கும், தண்ணீரோடு ஒத்துப்போகிறவை வெளியே நிற்கும். நான்காம் நிலையில் இப்படி மடிந்த சங்கிலிகள் சில சேர்ந்து ஒரே புரதமாக வேலை செய்கின்றன, ஹீமோகுளோபினில் நான்கு.

இறுக்கமாக மடிந்திருக்கும்போது பிணைப்புகள் உள்ளே ஒளிந்திருக்கும், அவற்றை அறுக்கும் நொதிக்கு, அதாவது என்சைமுக்கு, எட்டாது. அடுப்புச் சூடும் வயிற்று அமிலமும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலைகளைக் குலைக்கின்றன. முதல் நிலையை அறுக்க நொதிதான் வேண்டும்.

சமைத்தால் புரதச் சத்து போய்விடுமா?

போகாது. வடிவம் குலைவது வேறு, சத்து அழிவது வேறு. முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் வெளுத்துக் கெட்டியாக ஆரம்பிப்பது வடிவம் குலைவதால்தான். பாலில் புளிப்பு ஏறி பி.ஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.6-ஐ நெருங்கியதும் பாலின் முக்கியப் புரதமான கேசீன் ஒன்றோடொன்று ஒட்டித் தயிராகிறது. இரண்டிலும் அமினோ அமிலம் எதுவும் காணாமல் போகவில்லை. பாலும் அதில் தோய்த்த தயிரும் புரதத்தில் ஏறத்தாழ ஒன்றே.

ஒரே விதிவிலக்கு மிதமிஞ்சிய சூடு. பாலைச் சர்க்கரையோடு பழுப்பேறும்வரை சுண்டக் காய்ச்சும்போது லைசினின் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து உடலுக்கு உதவாமல் போகிறது. பலகாரமாகச் சாப்பிடுவதில் இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பருப்பு சீக்கிரம் வேகச் சமையல் சோடா போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். காரம் ஏறினால் தயமின் வைட்டமின் அழியும்.

பச்சை முட்டை குடித்தால் பலம் என்கிறார்களே?

அளந்து பார்த்த ஆய்வில், சமைத்த முட்டையின் புரதம் 90 சதவீதத்துக்கு மேல் சிறுகுடலில் செரித்து உறிஞ்சப்பட்டது. பச்சை முட்டையில் பாதிதான். போதாததற்குப் பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின், பயோட்டின் வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும். சால்மோனெல்லா கிருமியின் ஆபத்தும் உண்டு. அவித்தே சாப்பிடுங்கள்.

வாயிலேயே செரிக்க ஆரம்பிக்கிறதா?

மாவுச்சத்து ஆரம்பிக்கும், புரதம் இல்லை. எச்சிலில் புரதத்தை அறுக்கும் நொதி கணக்கில் வரும்படி எதுவும் கிடையாது. ஆனால் கறி, கொண்டைக்கடலை, நிலக்கடலை போன்றவற்றை நன்றாக மென்றால்தான் பின்னால் வரும் நொதிக்கு உள்ளே நுழைய வழி கிடைக்கும். பல் போன பெரியவர்களுக்குச் சுண்டலை மசித்துக் கொடுங்கள்.

இரைப்பையில் என்ன நடக்கிறது?

இரைப்பைச் சுவரில் ஒரு வகைச் செல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் இன்னொரு வகை பெப்சினோஜனையும் சுரக்கின்றன. பெப்சினோஜன் வேலை செய்யாத வடிவம். அமிலம் பட்டதும் அதன் ஒரு துண்டு அறுந்து பெப்சின் ஆகிறது. சுரக்கும் செல்லையே அரித்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

வெறும் வயிற்றில் பி.ஹெச் 1.5 முதல் 2 வரை இருக்கும். ஒரு தட்டுச் சோறும் குழம்பும் தயிரும் உள்ளே போனதும் அது 4, 5 என்று ஏறி, அமிலம் சுரக்கச் சுரக்க மறுபடி இறங்கும். பெப்சின் 2-ஐ ஒட்டித்தான் மும்முரமாக வேலை செய்யும். அது நீளச் சங்கிலியைத் துண்டு துண்டாக்குமே தவிர, தனித்தனி அமினோ அமிலமாக்காது. மொத்தப் புரதச் செரிமானத்தில் பெப்சினின் பங்கு 10 முதல் 20 சதவீதம்தான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது மூன்று, நான்கு, சமயத்தில் ஐந்து மணி வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துவிடாதா?

ஒன்றிரண்டு டம்ளரால் ஒன்றும் ஆகாது. இரைப்பை கூடுதல் அமிலம் சுரந்து சமாளித்துக்கொள்ளும்.

கேஸ் மாத்திரை வருஷக்கணக்கில் போடுகிறேன். புரதம் செரிக்குமா?

ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் போன்றவை அமிலத்தை வெகுவாகக் குறைக்கும், ஆனாலும் புரதச் செரிமானம் பெரிதாகக் கெடாது. பெரிய வேலை கணையத்தினுடையது. அடிபடுவது வைட்டமின் பி12. உணவில் அது புரதத்தோடு ஒட்டியிருக்கும், பிரித்தெடுக்க அமிலமும் பெப்சினும் வேண்டும். நீண்ட நாளாக இந்த மாத்திரை எடுப்பவர்கள், அதிலும் சைவமாக இருந்தால், பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. கை கால் மதமதப்பு இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

அப்படியென்றால் முக்கியமான செரிமானம் எங்கே?

சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தில். இரைப்பையில் இருந்து புளித்த கூழ் வந்து விழுந்ததும் குடல் சுவர் இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. செக்ரிட்டின், கணையத்திலிருந்து பைகார்பனேட் நிறைந்த நீரை வரவழைத்து அமிலத்தைத் தணிக்கும். கோலிசிஸ்டோகைனின் கணைய நொதிகளை வரவழைக்கும், கூடவே பித்தப்பையைச் சுருங்கவும் வைக்கும்.

கணைய நொதிகளும் செயலற்ற வடிவத்தில்தான் வருகின்றன. குடல் சுவரில் பதிந்திருக்கும் என்டரோகைனேஸ் டிரிப்சினோஜனில் ஒரு துண்டை வெட்டி டிரிப்சின் ஆக்குகிறது. பிறகு டிரிப்சினே மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிறது: கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ், கார்பாக்ஸிபெப்டிடேஸ். ஒவ்வொன்றும் வெட்டும் இடம் வேறு. டிரிப்சின், லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து வெட்டும். கைமோடிரிப்சினுக்கு ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் போன்ற பெரியவை பிடிக்கும். கார்பாக்ஸிபெப்டிடேஸ் சங்கிலியின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும்.

இந்த வரிசை எங்கே பிசகும் என்றால், கணையத்துக்குள்ளேயே டிரிப்சின் விழித்துக்கொள்ளும்போது. பித்தப்பைக் கல் வழியை அடைத்தாலும், மதுவாலும் அப்படி ஆகலாம். கணையம் தன்னையே அரித்துக்கொள்ளும் அந்த நிலைக்குப் பெயர் கணைய அழற்சி. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலியும் வாந்தியும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதை வாயுக்கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் கிடக்கக் கூடாது.

உறிஞ்சுவது எப்படி? ஒவ்வொரு அமினோ அமிலமாகவா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பாதிதான் சரி. குடல் சுவரின் நுண்விரல்களில் உள்ள நொதிகள் மீதித் துண்டுகளை இன்னும் சிறிதாக்குகின்றன. அதன்பின் இரண்டு வழி. தனி அமினோ அமிலங்கள் பெரும்பாலும் சோடியத்தின் துணையோடு, வகைக்கு ஏற்ற வெவ்வேறு கடத்திகள் (குடல் செல்லின் மேல் வாசல்போல் இருக்கும் புரதங்கள்) மூலம் உள்ளே போகின்றன. இரண்டு மூன்றாகச் சேர்ந்த துண்டுகள் பெப்ட்-1 என்ற ஒரே கடத்தி வழியாக, ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து போகின்றன.

இந்த இரண்டாம் வழி எவ்வளவு முக்கியம் என்பதை ஹார்ட்னப் என்ற பரம்பரை நோய் காட்டிக்கொடுத்தது. அந்த நோயாளிகளால் தனி டிரிப்டோஃபானைச் சரியாக உறிஞ்ச முடியாது. அதே டிரிப்டோஃபான் இரட்டைத் துண்டாக வந்தால் உள்ளே போய்விடுகிறது.

உள்ளே போன துண்டுகளைக் குடல் செல் தனக்குள் உடைத்து, தனித்தனி அமினோ அமிலமாக இரத்தத்தில் விடுகிறது. குளுட்டமின் போன்ற சிலவற்றில் பெரும்பகுதியை அங்கேயே எரிபொருளாக எரித்துவிடும். மீதி போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்கு. முட்டை, பால், மீன், கறியின் புரதம் 95 சதவீதம் அளவுக்கு உறிஞ்சப்படுகிறது. வெந்த பருப்பில் சுமார் 80. சாப்பாட்டுப் புரதம் மட்டும் இல்லை, செரிமான நீர்களில் உள்ள நொதிகளும், மூன்று முதல் ஐந்து நாளுக்கொருமுறை உதிர்ந்து புதுப்பிக்கும் குடல் செல்களும் இதே வழியில் செரித்துத் திரும்பவும் உடலுக்கே போகின்றன.

முழுப் புரதம் அப்படியே இரத்தத்தில் சேராதா?

மிகச் சொற்ப அளவில் சேரும். சத்துக்கு அது கணக்கில்லை, ஒவ்வாமைக்குப் போதும். இறால், நண்டில் உள்ள டிரோப்போமயோசின் சூட்டுக்கும் அசையாது, செரிமானத்துக்கும் லேசில் மசியாது. அதனால்தான் இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு எவ்வளவு வேகவைத்துக் கொடுத்தாலும் தடிப்பு வருகிறது.

கன்றுக்குட்டியின் கதை வேறு. பிறந்த முதல் 24 மணி நேரத்துக்கு அதன் குடல், சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களை முழுசாக உள்ளே விடும். பிறகு அந்தக் கதவு மூடிவிடும். தாயின் வயிற்றில் இருக்கும்போது அதற்கு அந்த எதிர்ப்புப் புரதம் வருவதில்லை, மனிதக் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடுகிறது. 25 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் சீம்பால் போக வேண்டும். சீம்பாலை ஆவியில் வைத்தால் உறை எதுவும் இல்லாமலே கட்டியாவது அந்தப் புரதங்களால்தான். கன்று குடித்து மிஞ்சியதை வேண்டுமானால் ஏலக்காய் தட்டிப்போட்டு அவித்துக்கொள்ளுங்கள்.

அதிகமாகச் சாப்பிட்ட புரதம் எங்கே சேமிக்கப்படுகிறது?

எங்கும் இல்லை. கொழுப்புக்கு இருப்பதுபோல் புரதத்துக்குத் தனிக் கிடங்கு கிடையாது. தசை, கல்லீரல், குடல், இரத்தம் என்று தேவைப்பட்ட இடத்தில் புதுப் புரதம் கட்டப் போனது போக, மிஞ்சியதில் உள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியா ஆக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். மீதிக் கார்பன் பகுதி எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறும். ஆகவே கல்யாண வீட்டில் ஒரு நாள் பிரியாணியை வெளுத்துக்கட்டிவிட்டு ஒரு வாரம் ரசம் சாதத்தில் ஓட்டுவது நடக்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் தந்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46. இது தரமான புரதத்துக்கான கணக்கு. முட்டை, பால், மீன் இல்லாமல் அரிசியை நம்பியே இருப்பவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கு 4 முதல் 6 மாதம் வரை 9.5 கிராமும், 7 முதல் 9 மாதம் வரை 22 கிராமும் கூடுதல்.

தினமும் சாம்பார் வைக்கிறோம். பருப்புதான் சாப்பிடுகிறோமே, போதாதா?

போதாது. நாலு பேர் உள்ள வீட்டில் மதியச் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால், பாத்திரத்தில் உள்ள மொத்தப் புரதம் 22 கிராம். ஒருவருக்கு ஐந்தரை. அதுவும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றினால்தான். மேலாக மொண்டால் தெளிவுதான் வரும், பருப்பு அடியில் நிற்கும். கடைசியில் சாப்பிட உட்காருகிறவருக்கு வண்டல். ரசத்தில் விடும் பருப்புத் தண்ணீர் வாசனைக்கும் கெட்டிக்கும்தான்.

65 கிலோ ஆணின் ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து 300 கிராம் அரிசி என்றால் 24 கிராம். சாம்பாரில் 5.5. காபியிலும் மோரிலும் தயிரிலுமாகப் பால் ஒரு கால் லிட்டர் போனால் 8. ஆக 37, 38. தேவை 54. பதினாறு கிராம் குறைகிறது. இத்தனைக்கும் அரிசிதான் இதில் பாதிக்கு மேல் சுமக்கிறது.

அந்தப் பதினாறை நிரப்ப ஓர் அவித்த முட்டை 6 கிராம், 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலை 20 கிராமில் 5 கிராம் போதும். முட்டை சாப்பிடாதவர்கள் பந்தியில் செய்வதை வீட்டிலும் செய்யுங்கள். சாம்பாருக்கு முன் கெட்டிப்பருப்பும் நெய்யும். ஆளுக்கு 30 கிராம் பருப்பு என்று அளந்து வேகவைத்தால் அதிலேயே 6.5 கிராம் வந்துவிடும். பருப்பு உசிலியும் பருப்புத் துவையலும் இதே வேலையைச் செய்யும். காலையில் இட்லிக்குச் சட்னியோடு நிறுத்தாமல் கும்பகோணம் கடப்பா வைத்தால் பாசிப்பருப்பும் உள்ளே போகும். நாலுக்கு ஒன்று கணக்கில் 400 கிராம் அரிசியும் 100 கிராம் உளுந்தும் போட்ட மாவில் சுமார் 30 இட்லி வரும். இட்லிக்கு 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவுதான் புரதம்.

சோறும் பருப்பும் சேர்ந்தால் முழுப் புரதம் என்கிறார்களே, அதன் கணக்கு என்ன?

ஒரு கிராம் புரதத்தில் சுமார் 45 மில்லிகிராம் லைசின் இருந்தால்தான் பெரியவர்களின் தேவைக்குச் சரிவரும். அரிசிப் புரதத்தில் சுமார் 37தான். துவரம்பருப்புப் புரதத்தில் 65-ஐ ஒட்டி இருக்கும். பருப்பில் குறைவது மெத்தியோனின், அது அரிசியில் போதிய அளவு உண்டு.

300 கிராம் அரிசியின் 24 கிராம் புரதத்தில் லைசின் 888 மில்லிகிராம். 60 கிராம் பருப்பின் 13 கிராம் புரதத்தில் 845. இரண்டையும் கூட்டினால் 37 கிராம் புரதம், 1,733 மில்லிகிராம் லைசின். கிராமுக்கு ஏறத்தாழ 47. கோட்டைத் தாண்டிவிட்டது. அதாவது அஞ்சு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு இருந்தால் தரம் சரி. மேலே சொன்ன சாம்பார் வீட்டில் அது பன்னிரண்டுக்கு ஒன்று.

ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற அவசியமில்லை, அன்றைக்குள் வந்தால் போதும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிரிலேயே ஈரத்துக்கு உளுந்தும் பயறும் தெளிக்கிற மண் இது; ஆடுதுறை 3 போன்ற ரகங்கள் அதற்கென்றே வந்தவை. மொத்தத்தையும் வியாபாரிக்கு எடை போடுவதற்கு முன் வீட்டுக்கு ஆளுக்கு மாதம் 2 கிலோ என்று எடுத்து வைத்தால் இந்தக் கணக்கு தானே சரியாகும்.

பழைய சோற்றில் புரதம் கூடுமா?

கூடாது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறிப் புளிப்பதில் நல்ல மாற்றங்கள் உண்டு, புரதம் கூடுவது அதில் சேராது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயத்தோடு தயிரோ, சுட்ட கருவாடோ, கடலைத் துவையலோ வையுங்கள்.

ஆறு மாதக் குழந்தைக்குப் பருப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

தண்ணீரை இறுத்துக் கொடுத்தால் வயிறு நிரம்பும், சத்து இறங்காது. புரதம் அடியில் நிற்கும் பருப்பில்தான் இருக்கிறது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சோற்றோடு மசித்து, கரண்டியைச் சாய்த்தால் சட்டென வழியாத பதத்தில், சொட்டு நெய் விட்டு ஊட்டுங்கள். தாய்ப்பால் தொடரட்டும்.

எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. அரைவேக்காடாகச் சாப்பிட்டால் என்ன?

கடலோரப் பக்கம் இது சகஜம். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டின் என்ற பசையை இறுக்கிவிடுகின்றன. சுவர் இளகாவிட்டால் உள்ளே இருக்கும் புரதத்தை நொதி தொட முடியாது, அது பெருங்குடல் வரை போய்ப் பாக்டீரியாவுக்கு இரையாகும். புளியும் தக்காளியும் முதலிலேயே போட்டாலும் இதே கோளாறுதான். குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவிடுங்கள். விரலுக்கு நடுவில் நசுக்கினால் நடுவில் பரல் இல்லாமல் மசிய வேண்டும், அதன்பின் புளி.

முழுப் பயறுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சையாக இருக்கும்போது அவற்றில் டிரிப்சினைத் தடுக்கும் புரதங்கள் இருக்கும், சோயாவில் ரொம்பவே. ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தால் பெருமளவு செயலிழக்கும். ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, பேதி வரை கொண்டுபோகும்; முழுக் கொதியில் குறைந்தது பத்து நிமிடமாவது வேக வேண்டும். முளைகட்டிய பாசிப்பயறையும் ஒரு ஆவி காட்டிச் சாப்பிடுவதே மேல்.

பருப்பு, கடலை சாப்பிட்டால் வாயு. புரதம் ஒத்துக்கொள்ளவில்லையா?

புரதத்தின் மேல் பழி போடாதீர்கள். ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. அதைப் பெருங்குடல் பாக்டீரியா எடுத்துக்கொண்டு வாயு விடுகிறது. எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். இரண்டு வாரம் சிறிய அளவில் பழக்கினால் பலருக்கும் குறைகிறது.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் மூட்டுத் தேய்மானம் சரியாகுமா?

ஆட்டுக்காலில் இருப்பது கொலாஜன். மூன்று சங்கிலிகள் தாம்புக்கயிற்றுப் புரிபோல முறுக்கிக்கொண்டிருக்கும், மூன்றாவதாக வரும் ஒவ்வொன்றும் கிளைசின். இந்த மூவிழைச் சுருளை 1954-இல் முன்வைத்தவர்களும் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான். மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகும். ஆறினால் சூப் தளதளவென்று நிற்பது அதனால்தான்.

குடித்தபின் அதுவும் வெட்டுப்பட்டு அமினோ அமிலமாகத்தான் போகிறது. முழங்காலில் இருந்து வந்தது முழங்காலுக்கே போய்ச் சேரும் என்று எந்த வழியும் இல்லை. அதோடு கொலாஜனில் டிரிப்டோஃபான் அறவே கிடையாது, ஆகவே தனியாகப் பார்த்தால் தரம் குறைந்த புரதம். ருசிக்குக் குடியுங்கள்.

மீன், கருவாடு?

மீன் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் புரதம். கெண்டை, விரால், மத்தி, நெத்திலி எதுவானாலும் பெரிய வித்தியாசமில்லை, விலை குறைந்ததை வாங்கலாம். இணைப்புத் திசு குறைவாக இருப்பதால் ஆட்டுக்கறியைவிடச் சீக்கிரம் வேகும், சீக்கிரம் செரிக்கும். கருவாட்டில் தண்ணீர் போய்விட்டதால் எடைக்கு எடை புரதம் இரண்டு மடங்குக்கும் மேல் தெரியும். உப்பும் அப்படித்தான். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெந்நீரில் இரண்டு முறை அலசிப் போட்டாலும் அளவாகவே சாப்பிட வேண்டும்.

முற்றிய கறிக்குப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதையே செரிமானத்துக்கும் சாப்பிடலாமா?

பப்பாளிப் பாலில் உள்ள பப்பெய்ன் புரதத்தை வெட்டும் நொதி. அரைத்துக் கறியில் பிசறி அரைமணி வைத்தால் நார் இளகும். ரொம்ப நேரம் விட்டால் மேலே சொதசொதவென்று கூழாகி உள்ளே கடினமாகவே நிற்கும். கணையம் ஒழுங்காக இருப்பவருக்கு வயிற்றில் அதன் உதவி தேவையில்லை.

ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் உடல் உறிஞ்சாது என்று ஜிம்மில் சொல்கிறார்கள்.

உறிஞ்சுவதற்கு அப்படி வரம்பு இல்லை. கூடுதலாக வந்தால் இரைப்பை மெதுவாக இறக்கும், நேரம் பிடிக்கும், அவ்வளவே. வரம்பு இருப்பது ஒரு வேளையில் தசை கட்டுவதற்கு எவ்வளவு பயன்படும் என்பதில்: கிலோவுக்கு 0.25 முதல் 0.4 கிராம் வரை. 65 கிலோ ஆளுக்கு 16 முதல் 26 கிராம். வே பவுடர் (பால் திரிந்த நீரிலிருந்து எடுக்கும் புரதத் தூள்) வேகமாக உறிஞ்சப்படுவது உண்மை, ஆனால் சாதாரண உடற்பயிற்சிக்கு அந்த வேகத்தால் பெரிய லாபம் கிடையாது. நாலு முட்டையின் விலையையும் ஒரு கரண்டி பவுடரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வயதானவர்கள் ராத்திரிக்குக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளலாமா?

வயதாக ஆகத் தசை, புரதத்துக்கு மந்தமாகவே பதில் தரும். ஆகவே 65-க்கு மேல் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், குறையக் கூடாது. கஞ்சியிலேயே வறுத்த பாசிப்பருப்பைப் பாதிக்குப் பாதி சேர்த்துக் குழைய வேகவைத்து, கடைசியில் பால் விட்டுக் கொடுக்கலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்?

மேலே சொன்ன எந்த அளவும் அவர்களுக்குப் பொருந்தாது. டயாலிசிஸ் தொடங்காத நிலையில் பொதுவாகக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை கட்டுப்படுத்துவார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் நிலைமை தலைகீழ்: ஒவ்வொரு முறையும் அமினோ அமிலம் வெளியேறுவதால் 1 முதல் 1.2 கிராம் வேண்டும். முன்பு சொன்ன பத்தியத்தையே டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் தொடர்ந்து மெலிந்துபோகிறவர்கள் உண்டு. உங்கள் மருத்துவரிடம் கிராம் கணக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

உண்மையிலேயே செரிக்கவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

புரதம் மட்டும் தனியாகச் செரிக்காமல் போவது அபூர்வம். கணையம் பழுதானால் முதலில் காட்டிக்கொடுப்பது கொழுப்பு: மலம் எண்ணெய்ப் பசையோடு, நாற்றம் கூடி, தண்ணீர் ஊற்றினாலும் கோப்பையில் ஒட்டி நிற்கும். கூடவே எடை குறைவும், வயிற்று வலியும், இளவயதில் சர்க்கரையும் இருந்தால் மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனை செய்வார்கள். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணைய நொதி குறைவு என்று சந்தேகிப்பார்கள்.

இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் உடனே புரதப் பவுடர் வாங்க ஓடாதீர்கள். கல்லீரல் செய்யாமல் இருந்தாலும், சிறுநீரில் ஒழுகினாலும், உடலில் எங்காவது அழற்சி இருந்தாலும் அது குறையும். முதலில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது எளிது, செலவும் குறைவு.

கணைய நொதி மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பும் போடாதீர்கள், கை கழுவியபின்பும் போடாதீர்கள். முதல் கவளத்தோடு ஒன்று, இரண்டு எழுதியிருந்தால் பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. உணவோடு கலந்து சிறுகுடலுக்குப் போனால்தான் அது வெட்டுவதற்கு அங்கே ஏதாவது இருக்கும்.